நூறு வீதம் கம்பளி

பெட்டியை வாசலிலையிருந்து தூக்கிக்கொண்டு வந்து என்ரை கையிலை தந்தவர் மருமகன்தான். அப்ப இன்னும் மருமகன் ஆகேல்லை. கலியாணத்துக்குப் பதினொரு நாள் கிடந்தது. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கடை ஹரோ வீட்டுக்கு வந்திருந்தவர். பெல் அடிக்க, தான் போறன் எண்டு எழும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்து, "மாமி, உங்களுக்கு" எண்டு நீட்டினார். வாங்கின உடனை எனக்கு விளங்கிட்டுது. பெட்டியிலை பாரம் இல்லை.

எட்டு யார் நீளக் கம்பளித் துணி எவ்வளவு பாரம் இருக்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை. பதினெட்டு வருசம் கிங்ஸ்பரியிலை ஒரு சீலைக்கடையிலை நிண்டவள் நான். துணிக்கட்டு தூக்கித் தூக்கி இந்த வலது தோள்மூட்டு தேஞ்சு போச்சு. அந்தப் பெட்டிக்குள்ளை ரெண்டு தலையணை உறை கிடந்தாலும் அவ்வளவு பாரந்தான் இருந்திருக்கும்.

"பேந்து பாப்பம், முதல் சாப்பிடுங்கோ" எண்டு சொல்லிக்கொண்டு பெட்டியை மேல் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழை தள்ளினன். அவரும் திரும்பிப் போய் இருந்து, கத்தரிக்காய்க் குழம்பை இன்னொருக்காப் போட்டுச் சாப்பிட்டார்.

முதலிலையிருந்து சொன்னால்தான் விளங்கும். என்ரை ஒரே மகள் விரும்பினது ஒரு ஸ்கொட்லாந்துப் பெடியனை. கேள்விப்பட்டு ரெண்டு கிழமை அழுதன். மூண்டாம் கிழமை பெடியனை நேரை பாத்தன், அழுகை நிண்டிட்டுது. நல்ல பிள்ளை, அதிலை நான் குறை சொல்ல மாட்டன். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத, மரியாதை தெரிஞ்ச பிள்ளை. அந்த மரியாதைதான் பிறகு என்னை உயிரோடை கொண்டது.

காலமை ஐயர் வைச்சு எங்கடை முறைப்படி வேட்டி, பின்னேரம் வரவேற்புக்கு அவையின்ரை ஆம்பிளையள் இடுப்பிலை சுத்திக் கட்டுற கில்ட், இதுதான் ஏற்பாடு. கில்ட் கட்டுறதிலை எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. என்ரை மனிசன்தான், "மாப்பிள்ளை பாவாடையோ கட்டப் போறார்" எண்டு பல்லைக் காட்டினார். "நீங்கள் சாரத்தோடை குப்பை வாளியைத் தள்ளிக்கொண்டு றோட்டுக்குப் போறியள், வெள்ளைக்காரர் ஆராவது சிரிச்சவங்களோ?" எண்டு கேட்டன். மனிசன் பேப்பருக்குள்ளை முகத்தை வைச்சிட்டார்.

சிக்கல் எங்கை வந்தது எண்டால், அவர் கட்டப்போறது தன்ரை அப்பாவின்ரை கில்ட் எண்டு மகள் சொன்னதிலை. தேப்பன் செத்து அப்ப ஒரு வருசம் கூட ஆகேல்லை. அந்த மனிசன் தன்ரை கலியாணத்திலை கட்டினது, பிறகு வீட்டு நல்ல நாள் பெருநாளுக்கெல்லாம் கட்டினது. தாய் அதைத் துடைச்சு, பூச்சி பிடிக்காமல் வைச்சிருந்தவவாம்.

எனக்கு உச்சியிலை ஏறிட்டுது. செத்த ஆளின்ரை துணியை உடுத்துக்கொண்டு மணவறைப் பக்கம் வாறதோ? மாப்பிள்ளைக்கு உடுப்பு எடுத்துக் குடுக்கிறது பெண் வீடு. வேட்டி, சால்வை, உள்ளுக்குப் போடுற பெனியன் வரைக்கும் புதுசு வாங்கி, மூலையிலை மஞ்சள் தொட்டு, தட்டத்திலை வைச்சுக் குடுக்கிறதுதான் எங்கடை வழக்கம். பழந்துணியோடை மாப்பிள்ளை வந்து நிண்டால் தோர்ண்டன் ஹீத்திலையிருந்து கிங்ஸ்பரி வரைக்கும் இருக்கிற எங்கடை சனம் என்ன கதைக்கும்? ஒரு துணி எடுத்துக் குடுக்க வக்கில்லாத வீடு எண்டு கதைக்கும். அதுவும் சீலைக்கடைக்காரி வீட்டிலை.

"அம்மா, இட்ஸ் ஹிஸ் டாட்ஸ்" எண்டு மகள் கத்தினாள்.

"டாட் செத்துப் போனார்தானே" எண்டு நானும் கத்தினன். என்ரை வாய் அப்பிடித்தான். வெளியிலை வந்த பிறகுதான் எனக்கே கேக்கும்.

மூண்டு நாள் அவள் என்னோடை கதைக்கேல்லை. நாலாம் நாள் அவர் தனிய வந்தார். கதிரையிலை இருந்து, ரெண்டு கையையும் முழங்காலிலை வைச்சுக்கொண்டு, எனக்கு விளங்கவேணும் எண்டு ஆறுதலாய் இங்கிலீசிலை சொன்னார். "மாமி, உங்களுக்கு அது மனவருத்தம் எண்டால் நான் அதைக் கட்டேல்லை. நீங்கள் எடுத்துத் தாறதைக் கட்டுறன். ஆனால் அப்பாவின்ரை மாதிரியே இருக்கவேணும். அதே கட்டம், அதே கம்பளி. அது மட்டும் போதும்." அவையின்ரை குடும்பத்துக்கெண்டு நீலமும் பச்சையும் கலந்த ஒரு கட்டம் இருக்கு. அதின்ரை படத்தை ஃபோனிலை காட்டினார்.

"தம்பி, நூறு வீதம் கம்பளி. நான் பொறுப்பு" எண்டன். இஞ்ச் ரேப்பை எடுத்து இடுப்பும் நீளமும் அப்பவே அளந்தன். கையை உயர்த்திக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அசையாமல் நிண்டார்.

அசல் கில்ட் தைக்கிற கடை ஒண்டுக்கு ஃபோன் அடிச்சால், மூண்டு நாலு மாதம் ஆகும் எண்டினம். கலியாணத்துக்கு இருந்தது ஆறு கிழமை. அப்பவாவது வாயைத் திறந்து, "சரி தம்பி, அப்பாவின்ரையையே கட்டுங்கோ" எண்டு சொல்லியிருக்கலாம். சொன்னனோ? இல்லை. ஒன்லைனிலை தேடினன். துணியைத் தொட்டுப் பாக்காமல் வாங்காதேங்கோ எண்டு ஆயிரம் பெண்டுகளுக்குச் சொன்ன வாய் இது. எனக்கு மட்டும் படத்தைப் பாத்தே தரம் தெரியுமாம். அவ்வளவு திமிர்.

அந்தக் கடையின்ரை பேரை நான் சொல்லப் போறதில்லை. பக்கத்தைத் திறந்தால் மேலை ஒரு மலை, கொஞ்சம் புகார், மூண்டு செம்மறி ஆடு. ஆடுகளைக் கண்டதும் எனக்கு நம்பிக்கை வந்திட்டுது, விசரி. தலைப்பிலை பெரிசாய் "வூல் கில்ட், எட்டு யார், பதினாறு அவுன்ஸ்" எண்டு கிடந்தது, அவுன்ஸ் எண்டது ஒரு யார் துணியின்ரை நிறை. கொஞ்சம் கீழை "வூல் ஃபீல்", தொட்டால் கம்பளி மாதிரியாம். அதுக்கும் கீழை, சின்ன எழுத்திலை, "அக்ரிலிக் வூல்". அக்ரிலிக் வூல் எண்டால் என்ன கோதாரி? அக்ரிலிக் எண்டால் பிளாஸ்ரிக் நூல். பிளாஸ்ரிக்குக்கு எந்த ஆடு மயிர் வளத்துக் குடுத்தது? கடைசி வரியிலை துணியின்ரை நிறை கூடக் குறைய இருக்கலாம் எண்டும் போட்டிருந்தாங்கள். "ஹைலண்ட் முறைப்படி கையால் தைத்தது" எண்டால் எங்கை தைச்சது எண்டு அதிலை இல்லை. முறை மட்டும்தான் ஹைலண்ட், ஸ்கொட்லாந்து மலைநாடு.

இதெல்லாம் பிறகு வாசிச்சது. வாங்கேக்கை என்ரை கண்ணிலை பட்டது வூல் எண்ட ஒரு சொல்லு. கட்டம் சரியோ எண்டு படத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தன். கட்டம் சரியாய்த்தான் இருந்தது. ஏமாத்திப் பேய்க்காட்டுறவனுக்குத் தெரியும், சனம் எதைப் பாக்கும், எதைப் பாக்காது எண்டு. எனக்கும் தெரியும்தானே. நானும் அந்தத் தொழிலிலை நிண்டவள்தான்.

அண்டைக்கு மகளும் அவரும் சாப்பிட்டு முடிச்சுப் போன பிறகு பெட்டியைத் திறந்தன். மடிப்புக் கலையாமல் இருக்க வெள்ளை நூலோட்டம் போட்டிருந்தது. மடிப்பு மடிப்பாய், கொய்யகம் கொய்யகமாய்ப் பாக்க வடிவுதான். உள்பக்கத்திலை ஒரு நூலை இழுத்துப் பிச்சுக்கொண்டு குசினிக்கு வந்து அடுப்பைப் பத்தவைச்சன். கடையிலை சந்தேகமான துணிக்கு நாங்கள் செய்யிற வேலை இது. பட்டோ கம்பளியோ எண்டால் மயிர் பொசுங்கின மணம் வரும், சாம்பலை விரலாலை நசிச்சால் மாவாய்ப் போகும். இது புகைஞ்சு, உருகி, சொட்டாய் வழிஞ்சு, கறுத்த மணி மாதிரி இறுகிப் போச்சு. எரிஞ்ச பொலித்தீன் மணம். மேலை புகை அலாரம் வேறை கத்தத் தொடங்கிட்டுது. மனிசன் ஓடி வந்து விளக்குமாத்துத் தடியாலை அதை இடிச்சு நிப்பாட்டினார்.

"என்னப்பா எரிக்கிறீர்?"

"என்ரை மானத்தை" எண்டன்.

விசயத்தைச் சொன்னன். மனிசன் ஒரு நிமிசம் யோசிச்சுப் போட்டு, "இதிலை என்ன கிடக்கு? பெடியனிட்டைச் சொல்லும். தன்ரை தேப்பன்ரையைக் கட்டட்டும். அவனுக்கும் சந்தோசம்" எண்டார். நாப்பது வருசத்திலை அந்த மனிசன் சொன்ன ஒரே புத்தியான கதை அது. நான் என்ன செய்தன்? "வாயை மூடிக்கொண்டு இருங்கோ, உங்களுக்கு ஒண்டும் தெரியாது" எண்டன்.

திருப்பி அனுப்பக் கேட்டு எழுதினன். அடுத்த நாளே பதில் வந்தது. துணியின்ரை விபரம் பக்கத்திலை தெளிவாய்ப் போட்டிருக்காம், அளவுக்குத் தைச்சதைத் திருப்பி எடுக்க மாட்டினமாம், அடுத்த முறை வாங்க முதல் வடிவாய் வாசிக்கட்டாம். அந்தக் கடைசி வரியை வாசிக்க எனக்குக் காது சுட்டது. அது என்ரை வசனம்.

நான் கடையிலை நிண்ட காலத்திலை, தோர்ண்டன் ஹீத்திலையிருந்து ஒரு அக்கா, மகள் பெரியபிள்ளை ஆன சாமத்தியச் சடங்குக்கு எங்கடை கடையிலை ஒரு சீலை எடுத்தவ. சில்க் ஃபினிஷ் எண்டு விலைத் துண்டிலை போட்டிருந்தது, பட்டு மாதிரி மினுக்கம் மட்டும். சில்க் எண்டுதான் நான் அவவுக்கு வாயாலை சொன்னனான். சடங்கண்டு விளக்குக்குக் கிட்டப் போய்த் தலைப்பு உருகிப்போச்சு எண்டு ரெயினும் பஸ்ஸும் மாறி அந்தச் சீலையோடை வந்து நிண்டா. "அக்கா, எடுக்கேக்கை துண்டை வடிவாய் வாசிச்சிருக்கலாமே" எண்டு சிரிச்ச முகத்தோடை சொன்னன். அவ சீலையை மடிச்சுப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு போனா. நல்லாய்ச் சமாளிச்சனான் எண்டு முதலாளி அண்டைக்கு எனக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தார், நானும் வாங்கித் திண்டன்.

கில்டின்ரை இடுப்புப் பட்டிக்கு உள்ளை சின்ன வெள்ளை லேபிள் ஒண்டு இருந்தது. நூறு வீதம் அக்ரிலிக் எண்டு. வலைத்தளத்திலை சொல்ல மனமில்லாத உண்மையை உள்ளுக்குத் தைச்சு வைச்சிருந்தாங்கள். கத்தரிக்கோலை எடுத்து, தையல் தெரியாமல், மெதுவாய் அதை வெட்டினன். அந்த நேரத்திலை என்ரை கை ஒருக்காவும் நடுங்கேல்லை. அதைச் சொல்லத்தான் வேணும். பழகின கை.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்து போட்டுப் பாத்தார். அளவு சரியாய் இருந்தது. "எப்பிடித் தம்பி? நல்ல கம்பளி, என்ன?" எண்டு நான்தான் முந்திக்கொண்டன். துணியிலை ஒருக்காக் கையை வைச்சுப் பாத்தார். "தாங்க் யூ மாமி" எண்டார். பிறகும் கொஞ்ச நேரம் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டார். நான் மூலைக்கு மஞ்சள் தொடுறன் எண்டு குனிஞ்சிட்டன்.

கலியாணம் மார்ச் மாதம். காலமைச் சடங்கு ஒரு குறையும் இல்லாமல் முடிஞ்சுது. சாப்பாடு முடிஞ்சு, வரவேற்புக்கு உடுப்பு மாத்துற நேரம், மண்டபத்துக்குப் பின்னாலை இருந்த அறைக்கு நான் தட்டத்தோடை போனன். அங்கை அவரின்ரை தாய் இருந்தா. முதல் நாள்தான் ஸ்கொட்லாந்திலையிருந்து தானே காரை ஓடிக்கொண்டு வந்தவ. மெல்லிசான, நிமிந்த மனிசி. உடுப்புக் கொழுவுற கம்பியிலை நீளமாய் ஒரு கறுத்த உறை தொங்கிக்கொண்டிருந்தது, கீழ்ப்பக்கம் பாரத்திலை இழுபட்டு. உள்ளுக்கு என்ன எண்டு எனக்கு உடனை விளங்கிட்டுது.

அவர் நான் குடுத்ததைக் கட்டிக்கொண்டு நிண்டார். தாய் பின்னாலை குனிஞ்சு கொய்யகத்தைச் சரிப்படுத்தினா. துணி காலுறையோடை ஒட்டிச் சடசடவெண்டது, பிளாஸ்ரிக் நூல் அப்பிடித்தான். அவவின்ரை விரல் அப்பிடியே நிண்டது. நிமிந்து என்னைப் பாத்தா. மகனும் பாத்தார். நான் என்ரை காப்பைச் சுத்திக்கொண்டு நிண்டன். வெளியிலை மேளகாரர் சாப்பிட்ட கோப்பையள் கழுவுற சத்தம் கேட்டது. பிறகு அவ, "நிறம் நல்ல வடிவு" எண்டா. படம் எடுக்கிறவர் கதவிலை தட்டிக் கூப்பிட்டார். நாங்கள் வெளியிலை போட்டம். உறை அங்கையே தொங்கிச்சுது.

அந்தப் படக்காரருக்கு வெளிச்சம் வேணுமாம், எல்லாரையும் கார் நிப்பாட்டுற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்டறியாத மார்ச் மாதக் காத்து. கம்பளிக் கில்ட் எண்டால் தன்ரை பாரத்திலை அப்பிடியே கிடக்கும். இது முதல் காத்துக்கே எழும்பிச்சுது. எங்கடை பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சினம். "ஐயோ, மாப்பிள்ளைக்குப் பறக்குது!" எண்டு ஒருத்தி கூவினா. அவர் ரெண்டு கையாலையும் தொடையோடை துணியை அமத்திப் பிடிச்சார். பிடிச்ச கையை எடுக்கேல்லை. மகளின்ரை தோளிலை கை போடச் சொல்லிப் படக்காரர் கேட்டும் எடுக்க ஏலாமல் போச்சு. தாய் எட்டத்திலை தன்ரை கோட்டை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டா. அவ சிரிக்கேல்லை.

"மாப்பிள்ளை சரியான கூச்சம், என்ன?" எண்டு என்ரை மச்சாள் கேட்டா.

"ஓம், சரியான கூச்சம்" எண்டன்.

"நல்ல உடுப்பு எடுத்துக் குடுத்திருக்கிறியள்" எண்டும் சொன்னா. இதைக் கேக்கத்தானே நான் ஆலாய்ப் பறந்தது. கேட்டாச்சு. வாய்க்குள்ளை மண் போட்ட மாதிரி இருந்தது.

பிறகு ரெண்டு வருசம் அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எங்கடை வீட்டு விசேசம் எதெண்டாலும் அவர் நான் வாங்கிக் குடுத்ததைத்தான் கட்டிக்கொண்டு வந்தார். பின்பக்கம் தேஞ்சு பளபளக்கத் தொடங்கிட்டுது. "வேண்டாம் தம்பி, கால்சட்டை போடுங்கோ" எண்டால், "இல்லை மாமி, நீங்கள் தந்தது" எண்டுவார். ஒவ்வொரு முறையும் எனக்கு முகத்திலை அறைஞ்ச மாதிரி இருக்கும். நடிக்கிறாரோ எண்டு கூடச் சில நேரம் எரிச்சல் வந்தது.

போன வருசம் அவரின்ரை சிநேகிதனுக்குக் கலியாணம். போற வழியிலை, மகள் தன்ரை நகைப் பெட்டி ஒண்டை எடுக்க எங்கடை வீட்டிலை இறங்கினாள். யன்னலாலை பாத்தன். அவர் காரிலையிருந்து இறங்கி வாறார். ஒரு கையிலை பரிசுப் பொதி, மற்றக் கையிலை போத்தில். எங்கடை றோட்டிலை குப்பை வாளி எல்லாத்தையும் காத்து உருட்டிக்கொண்டு கிடந்தது. அவரின்ரை கில்ட் அசையேல்லை. அதே நீலம், அதே பச்சை, ஆனால் கறுத்துப் பழுத்த நிறம். நடக்க நடக்க, கொய்யகம் விரிஞ்சு திரும்ப வந்து மூடுது. தேப்பன்ரை.

மகள் மேலை போனாள். நான் அவருக்குப் போட்ட தேத்தண்ணிக் கோப்பையோடை நிண்டன். ரெண்டு வருசமாய் வராதது அப்ப வாயிலை வந்திட்டுது.

"தம்பி, கலியாணத்துக்கு நான் வாங்கித் தந்தது கம்பளி இல்லை."

"தெரியும் மாமி."

"எப்ப தெரியும்?"

"பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தந்தது நான்தானே."

கோப்பையை மேசையிலை வைச்சன். "பின்னை ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" எண்டு கேட்டன். கேக்க என்ன உரிமை? எண்டாலும் கேட்டன்.

அவர் கோவிக்கேல்லை. ரெயின் எத்தினை மணிக்கு எண்டு சொல்லுற மாதிரித்தான் சொன்னார். "நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன். நீங்கள் சொன்னால் கட்டுறதுக்கெண்டுதான் அம்மா அப்பாவின்ரையைக் காரிலை கொண்டுவந்தவ. படம் எடுக்கக் கூப்பிடுமட்டும் நாங்கள் ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்."

மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு நான் சொன்னது அவருக்குக் கேட்டுதோ தெரியாது. மகள் படியாலை இறங்கி, நேரம் போச்சு எண்டு சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் தேத்தண்ணியை ஒரே மிடறிலை குடிச்சிட்டு, "போட்டு வாறன் மாமி" எண்டு தமிழிலை சொன்னார். பொதியையும் போத்திலையும் அவள் தூக்கிக்கொண்டு முன்னாலை போக, அவர் அந்தக் காத்துக்குள்ளை கையை வீசிக்கொண்டு பின்னாலை நடந்தார்.

கார் நிப்பாட்டுற இடத்திலை எடுத்த கலியாணப் படம் எங்கடை விறாந்தைச் சுவரிலை பெரிசாய்த் தொங்குது. மகள் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள். பக்கத்திலை அவர் ரெண்டு கையாலையும் துணியை அமத்திப் பிடிச்சபடி நிக்கிறார். வாற சனம் எல்லாம் அதைப் பாத்து, மாப்பிள்ளைக்கு அவ்வளவு கூச்சமோ எண்டு கேக்கும். போன கிழமையும் ஒரு அக்கா கேட்டா.

"ஓம் அக்கா" எண்டன். "சரியான கூச்சம்."